மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்தால் குற்றாலத்தில் சாரல் காலத்து உல்லாசக் கூட்டம் மறைந்து ஐயப்ப பக்தர்களின் கூட்டம் நிறைந்துவிடுகிறது. பேரருவியில் நீராடிக் குற்றாலநாதரைத் தரிசித்துவிட்டுச் செங்கோட்டை, ஆரியங்காவு மார்க்கமாக அவர்கள் மலைக்குச் செல்கிறார்கள். அவர்களுள் எத்தனையோ பேர் மாலை அணிவதற்கு முந்திய இரவு வரையில் குடித்தவர்களே. 41 நாள் மதுவைத் தீண்டாதிருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய மறுநாளே கடைவாசலில் நிற்கிறார்கள். தென்காசியிலும் சுற்றுக் கிராமங்களிலும் இதைச் சொல்லிச் சிரியாதார் இல்லை. நமக்கோ இது சிரிப்புக்கிடமான விஷயமாகத் தோன்றவில்லை. 41 நாள் இருக்கக் கூடியவன் 42-வது நாள் ஏன் இருக்கக் கூடவில்லை?

தெய்வ பயம் ஒன்றே காரணமென்று சொல்லிவிடலாகாது. விரத காலத்தில் அவனுக்கு ஒரு குருசாமி இருக்கிறார். விடியலில் உடன் நீராடத் துணைவர்கள் இருக்கிறார்கள். மாலையில் கூடிப் பஜனை செய்ய ஓரிடம் இருக்கிறது. "சாமி" என்று அழைக்கப்படுகிறவன் முன்னே கோப்பையை நீட்ட எவனும் துணியமாட்டான். மலையிலிருந்து இறங்கியதும் இச்சகவாசம் கலைந்துவிடுகிறது. பழைய சகவாசம் திரும்பிவிடுகிறது. கலையாத சகவாசம் ஒன்று அவனுக்கு வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

அத்தகைய சகவாசம் பிறந்த வரலாறு ருசிகரமானது. 1935-ம் வருஷம் மே மாதத்தில் பில் வில்ஸன் என்ற நியூயார்க் பங்கு வியாபாரி, ஆக்ரன் என்னும் ஊரில் தாம் எண்ணி வந்த காரியம் கைகூடாமல் ஒரு ஹோட்டலில் தனித்து நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பக்கத்திலேயே மதுச்சாலை. அதற்குள் நுழைந்துவிடாதிருக்கத் தமக்கு வேண்டியது தம்மைப் போன்ற இன்னொரு குடிகாரரே என்று அவருக்குத் தோன்றிற்று. பாதிரிமாருக்கு டெலிபோன் செய்து விசாரித்து, பாப் ஸ்மித் என்ற குடிகார ரண வைத்தியரைக் கண்டுபிடித்தார். கால் மணி நேரந்தான் இருப்பேன் என்று வந்த வைத்தியர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். உபதேசம் செய்ய வந்த கனவானாயிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். தம் அவமானத்தைத் தாமே சொல்லும் மனிதரை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. அவ்வைத்தியர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ந் தேதியையே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' சங்கத்தின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள்.

இச்சங்கம் இந்தியாவில் 1957-ல் வேரூன்றிற்று. கூட்டத்துக்கு வருகிறவன் முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. பேசப் பிரியமில்லாதவன் கேட்டுக்கொண்டிருக்கலாம். சந்தா இல்லை. குடியை விட வேண்டுமென்ற ஆசை ஒன்றே அங்கத்தினனாவதற்கு யோக்கியதை. ஆயுள் முழுவதற்குமாகச் சத்தியப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது வக்கீல்களாகிய நம் போன்றாருக்குப் பிடித்த காரியம். அங்கே இன்று ஒரு நாள் குடியாதிருந்தால் போதும் என்கிறார்கள். இது வெறும் நம்பிக்கை அன்று. 10,565 பேர் சம்பந்தப்பட்ட 27 ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து 2020-ல் வெளியான காக்ரேன் அறிக்கை, முற்றிலும் குடியை நிறுத்தி நிற்பதற்கு இம்முறையையொட்டிய சிகிச்சை மற்றச் சிகிச்சைகளை விட மேலாகவே பயன்படுகிறதென்று கண்டது.

கூட்டம் எங்கே நடக்கிறதென்று அறிய விரும்புவோர் சங்கத்தின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். 14446 என்ற இலவச எண்ணில் மத்திய சர்க்காரின் போதை மீட்பு உதவியையும் கேட்கலாம். ஊரில் தெரிந்துவிடுமே என்று கூசுகிறவர் அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போகலாம். கைபேசி வழியாகவும் கலந்துகொள்ளலாம். ஓர் எச்சரிக்கை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையோர் முதலில் தென்காசி அரசு தலைமை மருத்துவமனை போன்றதோர் இடத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டே நிறுத்த வேண்டும். மனைவி மக்களுக்கென 1951-ல் தோன்றிய 'அல்-அனான்' தனி. குடிப்பவர் வர மறுத்தாலும் அவர்கள் அதற்குப் போகலாம்.

நம் தேசபக்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது 1937 அக்டோபர் 1-ந் தேதி. 2003 முதல் சர்க்காரே சில்லறை மதுக்கடைகளை நடத்தி வருகிறது. இக்கடைகள் மூடப்பட வேண்டும் என்ற நமது கோரிக்கையில் மாற்றமில்லை. ஆனால் சட்டம் வரும்வரை செங்கோட்டைக்காரன் ஒருவனைக் காத்திருக்கச் சொல்ல நமக்கு என்ன பாத்தியம்? இரண்டு மூன்று பேர் குடியை விடவென்று கூடினாலே அது ஒரு கூட்டமென்று அச்சங்கத்தார் கொள்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வாரத்தில் ஒருநாள் மாலை ஒரு மணி நேரம் ஓர் அறை, கொஞ்சம் தேநீர். வாடகையும் தாங்களே கொடுப்பார்கள். வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை. அரசியலும் அங்கே கூடாது. ஆகவே தலைமை வகிக்கவும், மாலை மரியாதை பெறவும், புகைப்படம் எடுத்துப் பத்திரிகைகளுக்கு (நம் பத்திரிகைக்குங்கூடத்தான்) அனுப்பவும் பழகிய நாம் அங்கே உதவமாட்டோம். தென்காசியிலோ குற்றாலத்திலோ வாசகசாலையோ பள்ளி அறையோ கைவசமுள்ளவர்கள், மண்டல காலம் முடிவதற்குள் சாவியை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.