மூணாவது மாடிதானே, நமக்கென்ன நஷ்டம்? மழைக்கு முன்னாடி அபார்ட்மென்ட் பாலிசியைத் திறந்து பாருங்க

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. தென் சென்னையில் எங்க அபார்ட்மென்ட்டின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணி. என் வீடு மூணாவது மாடி. வீட்டுக்குள் ஒரு சொட்டுகூட வரலை. "தப்பிச்சோம்டா சாமி"ன்னு நினைச்சேன்.

பத்து நாள் கழிச்சு அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்தது: ஒரு ஃபிளாட்டுக்கு 28,000 ரூபாய். லிஃப்ட், சம்ப் மோட்டார், ஜெனரேட்டர், ஈபி பேனல் போர்டு எல்லாமே கீழேதான் இருந்தது. மொத்த பில் சுமார் 10 லட்சம், 36 ஃபிளாட்.

"இன்ஷூரன்ஸ் இல்லையா?"ன்னு எல்லாரும் கேட்டோம். இருந்தது. ஆனா பாலிசி ஷெட்யூலில் கட்டடம் மட்டும்தான் எழுதியிருந்தது. மோட்டார், ஜெனரேட்டர், பேனல் எதுவுமே அதில் இல்லை. கிளெய்ம் நிக்கலை.

இதில் எனக்குத்தான் அதிக வெட்கம். ஒவ்வொரு வருஷமும் பொதுக்குழுவில் கணக்கைப் பார்த்து, "இன்ஷூரன்ஸ் பிரீமியம்" என்ற வரியையும் பார்த்து, "எல்லாம் சரி"ன்னு சொன்ன ஆடிட்டர் நான்தான். பாலிசியை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கலை.

நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதுக்குள்ளே இந்த நாலு வேலையை முடிச்சிடுங்க.

1. அசோசியேஷன் பாலிசி: மூணு கேள்வி

வெள்ளம், புயல் இரண்டும் பாலிசியில் இருக்கா? லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர், பேனல் எல்லாம் ஷெட்யூலில் தனித்தனியா எழுதியிருக்கா? காப்பீட்டுத் தொகை இன்றைய விலைக்குப் போதுமா?

மூணாவது கேள்வியைப் பலர் விட்டுடுவாங்க. 1 கோடி மதிப்புள்ள சொத்தை 60 லட்சத்துக்குத்தான் இன்ஷூர் பண்ணியிருக்கீங்கன்னு வைங்க. 10 லட்சம் நஷ்டம் வந்தா, பல பாலிசிகளில் அதே விகிதத்தில் 6 லட்சம்தான் கிடைக்கும். பிரீமியத்தில் மிச்சம் பிடிச்சது கிளெய்மில் போயிடும்.

2. தனியா ஒரு நிதி

ஃபிளாட்டுக்கு மாசம் 300 ரூபாய். 36 ஃபிளாட்டுக்கு மாசம் 10,800. மூணு வருஷத்தில் வட்டி இல்லாமலே 3,88,800 ரூபாய். மெயின்டனன்ஸ் கணக்கோடு கலக்காம, இரண்டு பேர் கையெழுத்தோட தனி எஃப்டியில் போடுங்க. அந்த வட்டிக்கு அசோசியேஷன் வரி கட்டணும் என்பதையும் மறக்காதீங்க.

இந்த நிதியில் முதல் செலவு எது தெரியுமா? கடந்த வெள்ளத்தின் தண்ணி அடையாளத்துக்கு மேலே பேனல் போர்டை ஏத்தி வைக்கிறது. எங்க அபார்ட்மென்ட்டில் இப்போ அதைச் செஞ்சுட்டோம்.

3. உங்க சொந்தப் பாதுகாப்பு

வாடகை வீட்டில் இருக்கீங்களா? ஓனரின் பாலிசி உங்க லேப்டாப், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்குப் பணம் தராது. வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் தனி பாலிசி எடுக்கலாம். சொந்த வீடுன்னா, 2021 ஏப்ரலில் இருந்து எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிரஹ ரக்ஷா' பாலிசியைப் பாருங்க. வெள்ளமும் புயலும் அதிலேயே அடங்கும். கட்டடத்துக்கு எடுத்தா, அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருட்களுக்கும் பாதுகாப்பு தானா வரும்.

"ஹோம் லோன் எடுக்கும்போதே பேங்க்ல இன்ஷூரன்ஸ் போட்டாங்களே"ன்னு சிலர் சொல்வீங்க. அந்தப் பேப்பரை எடுத்துப் பாருங்க. பல நேரம் அது கடன் வாங்கியவரின் உயிருக்கான பாலிசி. வெள்ளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

கார்: தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் இருந்தாலும், தண்ணியில் நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போச்சுன்னா, 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆன் இல்லாம கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். சாவியைத் தொடாதீங்க. போட்டோ எடுத்துட்டு, டோ பண்ணச் சொல்லுங்க.

4. ரெட் அலர்ட் வந்த அன்னைக்கு

* மோட்டார், ஜெனரேட்டர், பேனலை சீரியல் நம்பர் தெரியுற மாதிரி வீடியோ எடுங்க. கிளெய்முக்கு இதுதான் சாட்சி.
* தண்ணி ஏறும் முன்னாடியே லிஃப்ட்டை மேல் மாடியில் நிறுத்தி ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஸ்டில்ட் மின் இணைப்பையும் எலக்ட்ரீஷியனை வெச்சு நிறுத்திடுங்க.
* காரை மேடான இடத்துக்கு மாத்துங்க. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையா நின்னதைப் பார்த்திருப்பீங்க. அவங்க பயந்தாங்கொள்ளிகள் இல்லை, கணக்குத் தெரிஞ்சவங்க.
* கையில் கொஞ்சம் ரொக்கம் வைங்க. கரண்டும் நெட்வொர்க்கும் போனா யுபிஐயும் போச்சு.
* இந்த எண்களை இப்பவே சேவ் பண்ணுங்க: மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, சென்னை மாநகராட்சி 1913.

28,000 ரூபாய் என்பது பல பேருக்கு ஒரு மாசச் சம்பளம். அதை ஒரே வாரத்தில் கட்டச் சொன்னா கிரெடிட் கார்டுதான் கைகொடுக்கும், அப்புறம் வட்டி ஆரம்பிக்கும். அந்த நிலைமை வராம இருக்க, இன்னைக்கே உங்க குரூப்பில் ஒரே ஒரு மெசேஜ் போடுங்க: "நம்ம அசோசியேஷன் பாலிசியின் ஷெட்யூல் பக்கத்தை அனுப்ப முடியுமா?"

அதில் என்ன எழுதியிருக்குன்னு கமென்ட்டில் சொல்லுங்க. ஷெட்யூலை வரிக்கு வரி எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோவில் பார்ப்போம்.