சூல்வெய்: பனிநாட்டில் ஒரு வெயில் பெயர்

நார்வே நாட்டுப் பெண்களின் பெயர்களில் கேட்கவே இதமானது 'சூல்வெய்'. எழுதும்போது கடைசியில் 'க்' உண்டு. நார்வேக்காரர்கள் அதை ஒலிப்பதில்லை.

பழைய நார்ஸ் மொழியில் பிறந்த பெயர் இது. பின்பாதிக்கு 'வலிமை' என்று பொருள் சொல்வார்கள். முன்பாதியில்தான் வழக்கு: 'சூரியன்' என்பார் சிலர், 'வீடு, கூடம்' என்பார் சிலர். இன்றைய நார்வீஜியனிலோ 'சூல்' என்றால் சூரியன், 'வெய்' என்றால் பாதை. அதனால் சாதாரணக் காதுக்கு அது 'வெயில் வரும் வழி'. வேர்ச்சொல் ஆய்வு இதை ஏற்காது. ஆனாலும் மாதக்கணக்கில் பனி மூடும் நாட்டில், மகளை அப்படிக் கூப்பிடுவது எத்தனை அழகு!

இந்தப் பெயரைப் பரப்பியது ஒரு நாடகம். ஹென்ரிக் இப்சன் 1867-இல் வெளியிட்ட 'பேர் யுண்ட்' நாடகத்தில், ஊர்சுற்றப் போன காதலனுக்காக முதுமைவரை காத்திருப்பவள் சூல்வெய். 1876-இல் அது மேடையேறியபோது எட்வர்ட் கிரீக் இசையமைத்தார். அவள் பாடும் பாட்டு இன்றும் உலகெங்கும் இசை அரங்குகளில் ஒலிக்கிறது. ஐஸ்லாந்திலும் சுவீடனிலும்கூட இந்தப் பெயருள்ள பெண்கள் இருக்கிறார்கள்.