ஆகாஷின் 96 சதவீதம்

2025 மே 8 அன்று காட்டுப்பள்ளி எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்தில், நீர்மூழ்கிகளை வேட்டையாடும் 'அர்னாலா' கப்பல் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. 80 சதவீதத்துக்கு மேல் உள்நாட்டுத் தயாரிப்பு என்றது அரசுக் குறிப்பு. பாகிஸ்தானுக்கு எதிரான 'ஆபரேஷன் சிந்தூர்' ராணுவ நடவடிக்கை நடந்ததும் அதே வாரம்தான். பாகிஸ்தானின் தாக்குதலைத் தடுத்ததில் 'ஆகாஷ்' வான் பாதுகாப்பு ஏவுகணைக்கும் பங்கு உண்டு என்று அரசு பெருமைப்பட்டது. அந்த ஏவுகணையின் உடற்பகுதிகள் கோவையில் உருவாவதும் எல் அண்ட் டி நிறுவனத்தின் ஆலையில்தான். ஆகாஷுக்கு அரசு சொல்லும் கணக்கு இன்னும் பெரிது: 96 சதவீதம்.

இந்த எண்ணை நம்பலாமா?

சந்தேகப்படுபவர்கள் முதலில் காட்டுவது சோவியத் யூனியனின் 'கூப்' ஏவுகணையை; ஆகாஷ் அதன் நகல் என்பார்கள். 1967இல் படையில் சேர்ந்தது. 1973 அரபு - இஸ்ரேல் போரில் இஸ்ரேலிய விமானங்களைத் திணறடித்தது. அதன் ஏற்றுமதி வடிவம் இந்திய ராணுவத்திடமும் இருந்தது. ஆகாஷையும் கூப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒற்றுமை பளிச்சென்று தெரியும்: ஏறக்குறைய 5.8 மீட்டர் நீளம், 60 கிலோ அளவிலான வெடிமுனை, நடு உடலில் நான்கு காற்றுக் குழாய்கள். அந்தக் குழாய்கள் ராம்ஜெட்டுக்கானவை. சாதாரண ராக்கெட் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் சுமந்துகொண்டு பறக்கும். ராம்ஜெட்டோ எதிரே வரும் காற்றை உள்ளே வாங்கி எரிபொருளை எரிக்கும். அதனால் இலக்கை எட்டும்வரை உந்துவிசை தளராது.

ஆனால் வழி காட்டும் முறையில் இரண்டும் வேறு. கூப் ஏவுகணையின் மூக்கில் 'சீக்கர்' என்ற கருவி உண்டு. தரையிலுள்ள ரேடார் இலக்கின் மீது பாய்ச்சும் அலை எதிரொலித்து வருவதை மோப்பம் பிடித்துப் போகும். படையில் முதலில் சேர்ந்த ஆகாஷுக்கு அப்படி ஒரு மூக்கே கிடையாது. 'ராஜேந்திரா' ரேடார் இலக்கையும் ஏவுகணையையும் சேர்த்துக் கவனிக்கும், கணினி பாதையைக் கணக்கிடும், ரேடியோ கட்டளை மேலே போகும். காசிமேட்டு மொட்டைமாடியில் பட்டம் விடுகிறவர் கையில்தான் சூட்சுமம் இருக்கிறது, பட்டத்தில் இல்லை. ஆகாஷும் அப்படியே.

சீக்கர் எளிதில் கைவராத நுட்பம். அது தேவைப்படாத வடிவமைப்பு 96 சதவீதத்தை எட்டுவதற்கு உதவியிருக்கத்தான் வேண்டும். எண் பொய் என்று சொல்லிவிட முடியாது. எண் எதை அளக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

'நகல்' என்ற குற்றச்சாட்டு உண்மையில் பலவீனமானது. பிறர் செய்ததைப் பிரித்துப் பார்க்காமல் ஆயுதத் தொழில் கற்ற நாடு உண்டா என்ன? சுட்டால் படுமா என்பதுதான் கனமான கேள்வி. அதைக் கேட்டவர் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். 2014 ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுட்டுப் பார்த்த 20 ஏவுகணைகளில் 6 தோற்றன என்றது 2017இல் வந்த அறிக்கை. இரண்டு ஏவுகணைகள் தரையை விட்டே கிளம்பவில்லை. சோதனைக் கூடத்துத் தோல்வி என்றால் மன்னிக்கலாம்; இவை உற்பத்தியாகி விமானப்படைக்கு வந்து சேர்ந்தவை. ஆகாஷைப் போலவே, அப்துல் கலாம் தலைமையில் 1983இல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தில் பிறந்த குறுந்தூர 'திரிசூல்' அந்த அளவுக்குக்கூட வரவில்லை. கடற்படை இஸ்ரேலின் 'பராக்' பக்கம் போனது.

அதற்குப் பிறகு கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆர்மீனியா காசு கொடுத்து ஆகாஷை வாங்கியது. 2025 ஜூலை 16 அன்று லடாக்கில், 15,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், 'ஆகாஷ் பிரைம்' வேகமாகப் பறந்த இரண்டு ஆளில்லா இலக்குகளை வீழ்த்தியது. அதன் மூக்கில் இருந்தது உள்நாட்டிலேயே செய்த சீக்கர். அடுத்த தலைமுறையான 'ஆகாஷ் என்ஜி' ராம்ஜெட்டையே கைவிட்டுத் திட எரிபொருள் ராக்கெட்டுக்கு மாறிவிட்டது. கூப்பின் சாயல் அதில் இல்லை.