கெட்டவன் வீட்டில் மாட்டிக்கொண்ட பெண்: சீனத்துத் தொடர்கதைகள் பற்றி



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி முடித்து, டீ வந்த நேரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. நம் ஊக்குநர் ஒருவரின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனில் கதை படிக்கிறாளாம். "என்னடி கதை அது?" என்று கேட்டால் "சீனாக் கதைம்மா, உனக்குப் புரியாது" என்கிறாளாம். புரியாது என்று சொன்னால் விடுவோமா? அவளையே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டோம். பிறகு நாமும் கொஞ்சம் தேடிப் படித்தோம். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம்.

சீனாவில் இணையத் தொடர்கதை என்பது பெரிய தொழில். 2002-இல் தொடங்கிய 'சீதியன்', 2003-இல் தொடங்கிய 'ஜின்ஜியாங்' என்ற இரண்டு தளங்கள் இதில் பேர்போனவை. ஜின்ஜியாங்கில் எழுதுகிறவர்கள், படிக்கிறவர்கள் இருவருமே பெரும்பாலும் பெண்கள்தான். நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரிதான் இதுவும். ஆனால் அங்கே வாரம் ஒன்று இல்லை, தினம் ஒரு அத்தியாயம்.

எத்தனையோ வகைக் கதைகள் வருகின்றன. அந்தப் பெண் படிப்பது கொஞ்சம் இருட்டான வகை. ஒரு சாதாரணப் பெண் ஒரு நாவல் படிக்கிறாள். படித்துவிட்டுத் தூங்குகிறாள், அல்லது விபத்தில் சாகிறாள். கண் விழித்துப் பார்த்தால் அந்த நாவலுக்குள்ளேயே இருக்கிறாள்! கதாநாயகியாகவும் இல்லை. மூன்றாவது அத்தியாயத்திலேயே கொல்லப்படுகிற ஒரு துணைப் பாத்திரமாக. இப்படிப்பட்டவளை அவர்கள் 'பீரங்கிச் சாம்பல்' என்கிறார்கள். சுற்றிலும் இருப்பவர்கள் எல்லாம் வில்லன்கள். அதிலும் ஒருவன், இவளைத் தவிர வேறு நினைப்பே இல்லாதவன். யாரோடும் பேச விடமாட்டான், கதவைப் பூட்டி வைப்பான், "நீ இல்லாட்டி நான் இல்ல" என்பான். இந்தக் குணத்துக்கு 'பிங்ஜியாவ்' என்று பேர். நோய் பிடித்த பிரியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவளிடம் பலம் கிடையாது, பணம் கிடையாது. கதை எப்படிப் போகும் என்று தெரியும், அது ஒன்றுதான் கையில் இருக்கிறது. எந்த நேரத்தில் அவனுக்குக் கோபம் வரும், எந்த வார்த்தை சொன்னால் அடங்குவான் என்று கணக்குப் போட்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறாள். சில கதைகளில் ஒரு குரல் அவளுக்கு மட்டும் கேட்கும். "இதைச் செய், செய்யாவிட்டால் உயிர் போகும்" என்று வேலை கொடுக்கும், மதிப்பெண் போடும். பேய் வீடு, கொலைகார ஊர் என்று ஒவ்வொன்றாகத் தப்பிப் போகிற கதைகளும் உண்டு. அந்த வழியைப் பிரபலமாக்கியது 2007-இல் வந்த, 'எல்லையில்லா அச்சம்' என்று பொருள்படும் ஒரு நீண்ட கதை.

இரண்டு மூன்று வில்லன்கள் ஒருத்திக்காக மோதிக்கொள்ளும் கட்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. 'சியூலுவோ சாங்', அதாவது அசுரர் போர்க்களம். நம் புராணத்து அசுரனேதான்! புத்த மதத்தோடு சீனாவுக்குப் போனவன், ஜப்பான் வரை சுற்றிவிட்டு இப்போது காதல் கதைக்குள் வந்து நிற்கிறான்.

இதை ஏன் பெண்கள் படிக்கிறார்கள்?

"பயமா இருக்காதா உனக்கு?" என்று கேட்டோம். "பயம்தான். ஆனா அவளுக்கு முன்கூட்டியே தெரியும்ல அக்கா, அதான் நல்லா இருக்கு" என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே இன்றைக்கு எப்படி வந்திருக்கிறான் என்று கணக்குப் போடுகிற பெண்கள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். அந்தக் கதைகளில் அந்தக் கணக்குக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது. சில கதைகளில் அவள் அரிசிப் பானையில் காசு ஒளிக்கிற மாதிரி சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து ஓடிப்போகத் திட்டம் போடுவாளாம். அதைக் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் நமக்கு உடன்பாடு இல்லை. பல கதைகளில் அவள் பொறுத்துப் பொறுத்து, அன்பு காட்டிக் காட்டி, கடைசியில் வில்லன் திருந்திவிடுகிறான். சிறுவயதிலேயே அவனைத் தேடிப் போய், சோறு போட்டு வளர்த்து, கெட்டவன் ஆகாமல் தடுப்பதே அவள் வேலை என்று வைத்தும் எழுதுகிறார்கள். "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடுவான்" என்று நம் ஊரில் சொல்வதும் இதுவும் ஒன்றுதானே? அவன் பூட்டி வைப்பதைப் பிரியம் என்று எழுதும்போது படிக்கிற பதினெட்டு வயசுப் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்? "அவ ஓடிப்போனா கதை முடிஞ்சிடும் அக்கா" என்றாள் அந்தப் பெண். "முடியட்டுமே" என்றார் வயதில் மூத்த உறுப்பினர் ஒருவர்.

கதைக்கு வெளியே சீனப் பெண்களுக்கு என்ன வழி இருக்கிறது என்றும் பார்த்தோம். 2016 மார்ச் 1 முதல் அங்கே குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவு கேட்டால் நீதிமன்றம் 72 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அவசரம் என்றால் 24 மணி நேரத்துக்குள். மிரட்டலுக்குப் பயந்து அவளால் போக முடியாவிட்டால் போலீசோ, மகளிர் சம்மேளனமோ, கிராமக் குழுவோ கூட அவளுக்காக மனு கொடுக்கலாம். 2023 ஜனவரி 1 முதல் திருத்தப்பட்ட பெண்கள் உரிமைச் சட்டம், காதல் என்ற பேரிலோ, பிரிந்த பிறகோ ஒரு பெண்ணைத் துரத்தித் தொந்தரவு செய்வதையும் தடை செய்கிறது. மகளிர் உதவி எண் 12338. ஆனால் 2021 முதல், இருவரும் சம்மதித்து விவாகரத்துக்குப் பதிந்தாலும் 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் ஒருவர் மனம் மாறிவிட்டால் மனு போய்விடும். இதைப் பற்றி அங்கே பெண்கள் நிறையப் பேர் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

எழுதுகிற பெண்ணின் வரவு செலவு

நமக்குக் கணக்கு இல்லாமல் முடியுமா? 2003-இல் சீதியன் தளம் அத்தியாயத்துக்குக் காசு வாங்கத் தொடங்கியது. ஆயிரம் எழுத்துக்கு 5 ஃபென் என்ற கணக்கு பிறகு பரவலானது. நூறு ஃபென் ஒரு யுவான், ஒரு யுவான் 2025-இல் நம் காசில் சுமார் 12 ரூபாயாக இருந்தது. 3,000 எழுத்து அத்தியாயம் என்றால் 15 ஃபென், ரூபாய் ஒன்றே முக்கால் சொச்சம். பத்து லட்சம் எழுத்துக் கதைக்கு 50 யுவான், அதாவது 600 ரூபாய். முதல் சில அத்தியாயங்கள் இலவசம். கதை சூடு பிடிக்கிற இடத்தில்தான் காசு கேட்பார்கள். சில்லறைதானே என்று தோன்றும், ஆனால் மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் தெரியும். இப்போது விளம்பரம் பார்த்தால் இலவசமாகப் படிக்கவிடும் செயலிகளும் வந்துவிட்டன.

வருகிற காசைத் தளமும் எழுதியவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். தவறாமல் தினம் எழுதினால் மாதக் கடைசியில் முழு வருகைப் பணம் என்று தனியாகத் தருகிற தளங்களும் உண்டு. காய்ச்சல் வந்தாலும் எழுதியாக வேண்டும். புகழ் பெற்றவர்கள் சிலரே. மோ சியாங் டோங் சியூ என்ற புனைபெயரில் எழுதும் பெண் 2014-இல் ஜின்ஜியாங்கில் தொடங்கிய முதல் கதையே, நாவலுக்குள் வில்லனாகப் போய்ச் சிக்கியவன் கதை. அவருடைய இன்னொரு கதை 2019-இல் தொலைக்காட்சித் தொடராக வந்து உலகம் முழுக்கப் போனது.

ஆபத்தும் உண்டு. வெளிப்படையான பாலுறவு வர்ணனை அங்கே குற்றம். 2018-இல் ஆன்ஹுய் மாகாணத்தில், ஆண்களுக்கு இடையிலான உறவை அப்படி எழுதி விற்ற ஒரு பெண்ணுக்குப் பத்தரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். 2025-இலும் தைவான் தளம் ஒன்றில் எழுதிய இளம்பெண்கள் பலரைப் போலீஸ் விசாரித்தது. எழுதியது நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஆனால் பத்தரை ஆண்டு என்பதை எங்களால் ஜீரணிக்க முடியவில்லை.

இந்தக் கதைகள் இங்கே வருவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். சீதியனே 2017-இல் அதற்கென்று தனித் தளம் தொடங்கியது. அந்தப் பெண்ணின் இங்கிலீஷ் தேறியதே இதனால்தான் என்று அவள் அம்மாவே ஒப்புக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்குள் இருநூறாவது அத்தியாயம் வரை படித்துவிட்டு, அவள் ஓடினாளா இல்லையா என்று நமக்கு வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.