சிற்றட்டைக் கணிப்பொறியும் வானலையும்

மைசூரு மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி, 1935இல் தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையம் அமைத்தார். அதன் ஆற்றல் 30 வாட். ஒரு சிறு மின்விளக்கின் அளவு. அவர் நிலையம் தாங்கிய ஆகாசவாணி என்னும் பெயரை, பின்னர் அகில இந்திய வானொலியே ஏற்றுக்கொண்டது.

இன்று அந்நகரில் வாழும் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டுவது, கணிப்பொறியும் வானலைக் கருவியும் ஒன்றாய் அமைந்த ஒரு சிற்றட்டை. 2022இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ டபிள்யூ அத்தகையது. நீளம் 51 மில்லிமீட்டர், அகலம் 21. வெளியீட்டு விலை 6 டாலர்.

மாடித் தண்ணீர்த் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். மூடியின் அடியில் ஈரம் புகாத மீயொலி உணர்வி ஒன்றைப் பொருத்துகிறோம். செவிக்கு எட்டாத அதன் ஒலி நீரில் பட்டு மீள்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மீண்டு வர நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு ஆயின், நீர்மட்டம் ஒரு மீட்டர் கீழே உள்ளது. போக்கும் வரவும் சேர்ந்த தொலைவாதலின் பாதியாக்க வேண்டும். அட்டை இதனைக் கணக்கிட்டு, வைஃபை வழியே கைபேசிக்கு அறிவிக்கும். தொட்டி நிரம்பி வழிவதற்குள் மோட்டாரை நிறுத்திவிடலாம். காவிரி நீரின் அருமையைத் தமிழருக்கு நாம் எடுத்துரைக்கவும் வேண்டுமோ!

வைஃபைக்குரிய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த ஆற்றலுடன் இயங்கத் தனி உரிமம் வேண்டா. ஆனால் ராஸ்பெர்ரி பையின் ஒரு முனையில் கம்பியை இணைத்துப் பண்பலையில் பாட்டு ஒலிபரப்பும் வித்தையும் உண்டு; இளைஞரை எளிதில் ஈர்ப்பது. உரிமமின்றி அதனைச் செய்தல் சட்டத்திற்குப் புறம்பு. அதன் சிதறலைகள், பண்பலையை அடுத்துள்ள விமானத் தொடர்பு அலைவரிசையிலும் புகக்கூடும்.