தூரிகை எழுத்து

புதுச்சேரியில் வீதிப் பெயர்கள் நீலப் பலகைகளில் பிரெஞ்சிலும் தமிழிலும் விறைப்பாக நிற்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். கடைப் பலகையில் தூரிகையால் தீட்டிய எழுத்தோ வேறு ரகம். தூரிகையை அழுத்தினால் கோடு பருக்கும், தூக்கினால் மெலியும், வர்ணம் வற்றுமிடத்தில் கீறலாக முடியும்.

இத்தகைய கையழகை அச்சில் கொண்டுவர, பிரான்ஸ் தேசத்து ரோஜே எக்ஸ்கொஃபோன் ஓர் உபாயம் கண்டார். 1953-ல் அவர் தம் கையெழுத்தைக் கொண்டே அமைத்த ‘மிஸ்திரால்’ அச்சில், ஒவ்வோர் எழுத்தும் அடுத்ததைத் தொட்டு ஓடும்.

தமிழுக்கு அது செல்லாது. நம் எழுத்துக்கள் ஒட்டாமல் தனித்து நிற்பவை. சுழியிலும் வளைவிலுமே தூரிகையின் அழகு தோன்ற வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. ‘பாப்பா’ என்று ஓவியர் எழுதினால் மூன்று பகரமும் மூன்று விதமாக அமையும். கணிப்பொறி எழுத்துருவிலோ மூன்றும் ஒரே வார்ப்பு. உடனே குட்டு வெளிப்பட்டுவிடும்! ஓரெழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் வரைந்து வைப்பதே பரிகாரம்.

கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர், கதைத் தலைப்பு, கடைப் பலகை ஆகியவற்றில் நாலைந்து சொற்களுக்கு இவ்வெழுத்து வெகு பொருத்தம். பாடப் புத்தகத்துக்கு ஆகாது. குழந்தைகளின் கண் களைத்துவிடும்.

எழுத்து பிழைத்தால் போதுமா? எழுதிய கை என்னாவது? டில்லியில் வாழ்ந்து 2024-ல் காலமான ஹனீஃப் குரேஷி, பலகை ஓவியர்களின் எழுத்தை எழுத்துருக்களாக்கி, ‘பெயிண்டர் கஃபீல்’ என்பதுபோல் அவர்கள் பெயரையே சூட்டினார். அதுவே நியாயம். பிளாஸ்டிக் பதாகைகள் மலிந்துவிட்ட நம் ஊரிலும், தூரிகை பிடித்த முதியவர்கள் இருக்கும்போதே இக்காரியம் நடக்க வேண்டும்.