ஏழு ஸ்லாட், ஒரு மூடி

பெட்டியைத் தூக்கும்போதே எடை சொல்லிவிடுகிறது: இது வீட்டுக் கணினிக்கான சரக்கு அல்ல. 2021இல் அறிமுகமான ஆசுஸ் நிறுவனத்தின் புரோ டபிள்யூஎஸ் டபிள்யூஆர்எக்ஸ்80இ சேஜ் மதர்போர்டு, வழக்கமான ஏடிஎக்ஸ் அளவைவிடப் பெரியது. சாதாரண கேபினெட்டில் அடங்காது.

கண்ணில் முதலில் படுவது ஏழு நீளமான ஸ்லாட்டுகள். ஏஎம்டியின் த்ரெட்ரிப்பர் புரோ பிராசஸர் தரும் 128 பிசிஐஇ தடங்கள்தான் இதன் ரகசியம். அதே காலத்து ரைசன் 5000 பிராசஸர்களில் இருந்தவை வெறும் 24. எட்டு ராம் ஸ்லாட்டுகளில் 2 டெராபைட் வரை நினைவகம் போடலாம். அனிமேஷன், பொறியியல் கணக்கீடு என்று பல கிராபிக்ஸ் கார்டுகளைப் பூட்டி வேலை வாங்குபவர்களுக்கே இது லாபம். கேம்ஸ் பிரியர்களுக்கு வீண் செலவு.

ஆபத்து இருப்பது நடுவில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில். சாக்கெட்டில் உள்ள 4,094 பின்கள் மயிரிழை போல மெல்லியவை. ஒன்று வளைந்தாலும் ராமில் ஒரு பகுதி தெரியாமல் போகலாம். போர்டே உயிர்பெறாமலும் போகலாம். எனவே கடையிலேயே மூடியைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் பின்களைப் பார்த்துவிடுவது நல்லது. மூடியையும் பத்திரப்படுத்த வேண்டும். பின்னர் பழுதுக்கு அனுப்ப நேர்ந்தால், மூடி இல்லாத போர்டை நிறுவனம் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.